அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு தோட்டம்

கல்யாணம் முடிந்து, மறுவீடு, விருந்து எல்லாம் ஆன பிறகு, கணவனோடு பஸ் ஏறிப் பெங்களூர் வந்து சேரும் பெண்கள் ஆண்டுதோறும் எத்தனையோ பேர். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் என்று அவர்களுடைய ஊர்கள் வேறு வேறாக இருக்கும். வந்து சேரும் வீடு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கூடம், ஒரு சமையல் அறை, அதை ஒட்டி ஒரு குளியல் அறை. கணவன் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவான். இடையில் உள்ள பன்னிரண்டு மணி நேரமும் அந்தப் பெண்ணுக்கு நான்கு சுவர்தான் துணை.

ஊரில் கிணற்றடி இருந்தது. கொல்லைப்புறம் இருந்தது. போகிற வருகிற ஆட்கள் நின்று ஒரு வார்த்தை பேசி விட்டுப் போவார்கள். இங்கே அடுத்த வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். திறந்தாலும் பேச்சு புரியாது. டெலிவிஷனையும் செல்போனையும் எத்தனை நேரம்தான் பார்த்துக் கொண்டிருக்க முடியும்? "நான் ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்துட்டு வரட்டுமா?" என்று மனைவி கேட்பாள். "வந்து ஒரு மாசம்கூட ஆகலையே" என்று கணவன் சொல்வான். பல குடும்பங்களில் முதல் மனக்கசப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

முருகேஷ்பாளையாவில் குடியிருந்த ஒரு தம்பதிக்கும் இந்த நிலைமை வந்தது. அவர்கள் கண்ட வழி மிகவும் சாதாரணமானது. மொட்டை மாடியில், பழைய பெயிண்ட் டப்பாக்களில் ஒரு காய்கறித் தோட்டம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்சில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பி விடக்கூடிய ஒரு சிறு பயணம். இதற்கு நிலமும் தேவைப்படவில்லை. பெரிய சம்பளமும் தேவைப்படவில்லை.

'சொப்பு' என்றால் என்ன?

கணவர் ஒரு தனியார் தொழிற்சாலையில் ஸ்டோர் குமாஸ்தா. ஆறு ஆண்டுகள் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தவர். மனைவி சாத்தனூர் அணைக்குப் பக்கத்தில், தென்பெண்ணைக் கரையில் உள்ள ஒரு கிராமத்துப் பெண். 2023-ம் ஆண்டு வைகாசியில் இவர்களுக்குக் கல்யாணம். ஜூன் மாதம் குடித்தனம் வந்து விட்டார்கள். முதல் மாடியில் சிறிய வீடு. பக்கத்தில் கொஞ்சம் திறந்த மாடி. கீழே வீட்டுக்கார அம்மாளின் குடும்பம். அவர் கன்னடக்காரர். தமிழ் கொஞ்சம் பேசுவார்.

வந்த மறுநாள் காலையில் தெருவில் ஒரு குரல். "சொப்பு! சொப்பு!" என்று கூவிக் கொண்டு ஒருவர் தள்ளுவண்டியில் போனார். "இந்த ஊரில் சொப்புச் சாமான்கூட வீட்டு வாசலில் வந்து விற்கிறார்களா?" என்று அந்தப் பெண் எட்டிப் பார்த்தார். வண்டியில் குழந்தைகள் விளையாடும் சொப்பு எதுவும் இல்லை. கட்டுக் கட்டாகக் கீரைதான் இருந்தது. கன்னடத்தில் சொப்பு என்றால் கீரை. இரவு கணவரிடம் சொன்ன போது இரண்டு பேரும் வெகு நேரம் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. ஜூலை மாதம் தக்காளி விலை ஏறியது. கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தக்காளிக்குப் பேர் போன கோலார் மார்க்கெட் பக்கத்திலேயே இருந்தும், பெங்களூர்க் கடைகளில் தக்காளியைத் தொட முடியவில்லை. ரசத்துக்குப் புளியை மட்டும் கரைத்து ஊற்றினார் மனைவி. கணவர் ஒரு வார்த்தை சொன்னார். மனைவி ஒரு வார்த்தை சொன்னார். அன்று இரவு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

"எங்க அப்பா வீட்டுக் கொல்லையில தக்காளி பழுத்துக் கீழே விழும். பொறுக்க ஆள் இருக்காது. இங்கே ஒரு தக்காளிக்காகச் சண்டை போட வேண்டியிருக்கேன்னு அழுகை வந்துச்சு" என்கிறார் அவர். மறுநாள் காலையில் அழுகை போய் ஒரு யோசனை வந்தது. ஆடி பிறக்கப் போகிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இந்த மாடியில் விதைத்தால் என்ன?

வீட்டுக்கார அம்மாளின் நிபந்தனை

வீட்டுக்கார அம்மாள் கேட்ட உடனே கையை ஆட்டி விட்டார். "பேடம்மா, பேடா! மண்ணு, நீரு எல்லாம் மேலே வச்சா மழைக்குக் கீழே ஒழுகும்" என்றார். 'பேடா' என்றால் 'வேண்டாம்'. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் தோட்டம் போட நினைத்தால் முதலில் கேட்கும் வார்த்தை இதுதான்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தளத்தில் ஈரம் தங்கினால் சிமெண்ட் பூச்சு கெடும். கீழ் வீட்டுக் கூரையில் நீர் கசியும். மண் நிறைந்த தொட்டிகளை நடுத் தளத்தில் குவித்து வைத்தால் பாரமும் கூடும். எனவே கணவர் ஞாயிற்றுக்கிழமை கீழே போய்ப் பேசினார். மூன்று நிபந்தனைகளுக்கு ஒப்புக் கொண்டார்.

தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்கக் கூடாது. அடியில் சுவர் தாங்கும் ஓரங்களில் மட்டுமே வைக்க வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே செங்கல் வைத்து, தளத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விட வேண்டும். வடியும் தண்ணீரைத் தட்டில் பிடித்து மறுபடியும் செடிக்கே ஊற்ற வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மறுநாளே எல்லாவற்றையும் எடுத்து விட வேண்டும்.

வாடகை வீட்டில் தோட்டம் போட விரும்புகிறவர்கள் வீட்டுக்காரர் சொல்வதற்கு முன்பே இந்த மூன்றையும் தாங்களாகவே சொல்லி விடுவது நல்லது. பாதிக் கோபம் அப்போதே தணிந்து விடும்.

முதல் செலவு 840 ரூபாய்

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு வெள்ளை அடித்துக் கொண்டிருந்தார்கள். அங்கே காலியான 20 லிட்டர் பெயிண்ட் டப்பாக்கள் எட்டு கிடைத்தன. ஒன்றின் விலை 40 ரூபாய். சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, அடியில் கம்பியைக் காய்ச்சி ஐந்து ஐந்து ஓட்டை போட்டார்கள். கடைக்கால் தோண்டிய இடத்தில் செம்மண் இரண்டு மூட்டை சும்மாவே கிடைத்தது. தென்னை நார்க் கழிவுக் கட்டி ஒன்று 200 ரூபாய். மண்புழு உரம் 200 ரூபாய். விதைப் பொட்டலங்கள் 120 ரூபாய். மொத்தம் 840 ரூபாய். இரண்டு பேர் சினிமா பார்த்து விட்டு ஓட்டலில் சாப்பிட்டு வரும் செலவுதான்.

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, உரம் ஒரு பங்கு. இதுதான் கலவை. வெறும் மண்ணை மட்டும் போட்டால் தொட்டி கனமாகி விடும். ஊற்றிய தண்ணீரும் இறுகி நிற்கும். தென்னை நார்க் கழிவு பாரத்தைக் குறைக்கும். ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

அந்த மாடிக்குக் காலை ஒன்பது மணி முதல் மூன்று மணி வரை வெயில் வருகிறது. காய்கறிக்குத் தினம் ஆறு மணி நேர வெயில் இருந்தால் போதும். வெயில் குறைந்த மூலையில் புதினாவும் கீரையும் வைத்துக் கொள்ளலாம்.

பெங்களூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊரில் கோடையில் வாடிப் போகிற வெந்தயக் கீரையும் பீன்சும் இங்கே ஆண்டில் பல மாதங்கள் நன்றாக வரும். தோட்டம் போட நினைக்கும் நம்மவர்களுக்கு இந்த ஊர் கொடுத்திருக்கும் பெரிய வசதி இது.

இருபத்திரண்டாம் நாள்

அனுபவம் இல்லாதவர்கள் முதலில் தக்காளியில் தொடங்கி, நோய் வந்து, மனம் உடைந்து விட்டு விடுகிறார்கள். கீரையில் தொடங்க வேண்டும். அது சீக்கிரம் பலன் தரும். கை பழகும். ஆசையும் வளரும்.

இவர்கள் வெந்தயத்தை இரவில் ஊற வைத்து, மறுநாள் தூவினார்கள். மூன்றாம் நாள் முளை தெரிந்தது. இருபத்திரண்டாம் நாள் முதல் அறுவடை. ஒரு கைப்பிடிதான். பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தார் மனைவி. கணவர் வேலை முடிந்து வந்து சாப்பிட்டு விட்டு, டார்ச் விளக்கை எடுத்துக் கொண்டு மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்து விட்டு வந்தாராம். "அதுவரைக்கும் அவர் அது என் வேலைன்னுதான் நினைச்சிருந்தார். அன்னைக்குத்தான் எங்க வேலை ஆச்சு" என்கிறார் மனைவி.

எல்லாமே முதல் தடவையே வந்து விடவில்லை. கொத்தமல்லியை முழுசாகப் போட்டதால் சரியாக முளைக்கவில்லை. தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். பீன்ஸ் முளைத்த உடனே புறா வந்து கொத்தி விட்டது. பழைய கொசு வலையை மேலே கட்டிய பிறகுதான் தப்பியது. தக்காளி இலைகள் சுருண்டு கொண்டன. வெள்ளை ஈ பரப்புகிற நோய் இது. வந்த செடியைப் பிடுங்கி எறிவதைத் தவிர வேறு வழி இல்லை. வராமல் தடுக்க, வேப்பெண்ணெய் ஐந்து மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, வாரம் ஒரு முறை மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம்.

விதையைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். 1967-ல் தொடங்கிய இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூர் ஹெசரகட்டாவில் இருக்கிறது. 'அர்க்கா' என்ற பெயரோடு தொடங்கும் காய்கறி ரகங்கள் அங்கே உருவானவை. 'அர்க்கா ரக்ஷக்' என்ற தக்காளி, இலைச்சுருட்டு உள்பட மூன்று நோய்களைத் தாங்கும்படி உருவாக்கப்பட்டது. 'அர்க்கா அனாமிகா' என்ற வெண்டை, மஞ்சள் நரம்பு நோயைத் தாங்குவதற்காக வந்தது. இரண்டாம் முறை இந்தத் தக்காளியை வைத்த பிறகுதான் அந்த வீட்டுக் குழம்பில் சொந்தத் தக்காளி விழுந்தது.

மார்கழியில் கீழ் வீட்டு அம்மாள் ஒரு கூடை 'அவரேகாய்' கொண்டு வந்து, உரிக்கத் துணைக்குக் கூப்பிட்டார். பார்த்தால் அது நம் ஊர் மொச்சைக்காய். ஊற வைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைப்பதை அவர்கள் 'ஹித்தக பேளே' என்கிறார்கள். வடாற்காட்டுப் பக்கம் அதுவேதான் பிதுக்கம்பருப்பு. காய் ஒன்று, கைப்பக்குவம் ஒன்று, பெயர் மட்டும் இரண்டு. திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்த அந்த நாலு நாளில், ஆறு மாதத்தில் படிக்காத கன்னடத்தை அந்தப் பெண் படித்து விட்டார்.

மாதம் ஒரு ஞாயிறு

தோட்டத்தால் கீரைச் செலவு குறைந்தது. மிச்சமான காசை ஒரு டப்பாவில் போட்டு வந்தார்கள். அது மாதம் ஒரு பயணத்துக்கு ஆயிற்று. தக்காளி சாதமோ புளி சாதமோ வீட்டில் இருந்தே கட்டிக் கொண்டு போவார்கள்.

முதலில் போனது லால்பாக். ஐதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம். இன்று 240 ஏக்கர். ஆண்டுக்கு இரண்டு முறை, குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி அங்கே கண்ணாடி மாளிகையில் மலர்க் காட்சி நடக்கும். உள்ளே ஒரு பெரிய பாறை இருக்கிறது. முந்நூறு கோடி ஆண்டு பழமையான பாறை அது. அதன் மேல் கெம்பே கவுடாவின் கோபுரம் நிற்கிறது. அங்கே ஏறி நின்றால் காற்று வாங்கக் கட்டணம் எதுவும் இல்லை. திரும்பும்போது கத்தரி நாற்றும் கறிவேப்பிலைக் கன்றும் வாங்கி வந்தார்கள்.

இன்னொரு ஞாயிறு அல்சூர் ஏரி. கரையில் திருவள்ளுவர் சிலை. 1991 முதல் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9-ந் தேதி திறக்கப்பட்ட சிலை. பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம். சோமேசுவரர் கோவிலும் நடக்கும் தூரம்தான்.

பஸ் விஷயத்தில் ஒரு சங்கடம் இருந்தது. 2023 ஜூன் 11-ந் தேதி கர்நாடக அரசு 'சக்தி' திட்டத்தைத் தொடங்கியது. சாதாரண, எக்ஸ்பிரஸ் அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். இந்தப் பெண்ணின் ஆதாரில் இருந்தது திருவண்ணாமலை மாவட்ட முகவரி. பஸ் முழுவதும் பெண்கள் கட்டணம் இல்லாத டிக்கெட்டோடு போக, இவர் மட்டும் காசு கொடுத்தார்.

காசு பெரிது இல்லை. முகவரியை மாற்றுவதற்குத்தான் மனம் வரவில்லை. அப்பா வீட்டுக் கதவு எண்ணை அழிக்கிற மாதிரி இருந்ததாம். நான்கைந்து மாதம் தள்ளிப் போட்டார். பிறகு ஒரு நாள் அவராகவே போய் மாற்றிக் கொண்டு வந்தார். மறுநாள் கண்டக்டர் கட்டணம் இல்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த போது, அதைக் கொண்டு வந்து அரிசி டப்பாவில் போட்டு வைத்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

2024 மார்ச்

2023-ல் பருவ மழை பொய்த்தது. 2024 பிறந்ததும் பெங்களூரில் ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டன. லாரித் தண்ணீருக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். காவிரித் தண்ணீர் சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருந்து, மேட்டில் ஏற்றிக் கொண்டு வரப்பட்டுத்தான் இந்த நகரத்தின் தாகம் தீர வேண்டும். அந்த ஆண்டு மார்ச் மாதம் குடிநீர் வாரியம் ஒரு கட்டுப்பாடு விதித்தது. தோட்டத்துக்கும், வாகனம் கழுவவும், கட்டட வேலைக்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம்.

வீட்டுக் கிணறும் வற்றி விட்டது. கீழே உள்ள தொட்டியில் நாலு நாளைக்கு ஒரு முறை லாரித் தண்ணீர் நிரப்பினார்கள். வீட்டுக்கார அம்மாள் மாடி ஏறி வந்தார். அப்போது அங்கே பதினாலு தொட்டிகள் இருந்தன. கத்தரியில் பூ இருந்தது. மிளகாய் காய்த்திருந்தது. "மனுஷாளுக்கே நீரு இல்ல. நாளைக்கு இதெல்லாம் எடுத்துடும்மா" என்று சொல்லி விட்டுப் போய் விட்டார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் பதில் சொல்வதும் கஷ்டமாக இருந்தது. கணவர், "விட்டுடு, மழைக் காலத்துல மறுபடி வச்சுக்கலாம்" என்றார். மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஒரு அளவு குவளையை எடுத்து வைத்துக் கொண்டார். சமையல் அறையில் கீழே கொட்டும் தண்ணீரை எல்லாம் அளந்தார்.

இரண்டு வேளை அரிசி கழுவிய தண்ணீர் 4 லிட்டர். காய், கீரை அலசிய தண்ணீர் 3 லிட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் துணி துவைக்கும்போது கடைசி அலசல் ஒரு வாளி, 15 லிட்டர். கூட்டிப் பார்த்தால் நாள் ஒன்றுக்குப் பதினாலு லிட்டருக்கு மேல் வந்தது. தொட்டி ஒன்றுக்கு ஒரு லிட்டர். இத்தனை நாளும் சாக்கடையில் போன தண்ணீர்!

கணக்கை எழுதிக் கொண்டு போய் வீட்டுக்கார அம்மாளிடம் காட்டினார். குழாயில் இருந்து ஒரு குவளைகூடச் செடிக்கு எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். பத்து நாள் பார்க்கலாம் என்று அந்த அம்மாள் தவணை கொடுத்தார். பத்து நாளும் மாலையில் அவர் மாடிக்கு வந்து பார்த்தார். பதினோராம் நாள் வரவில்லை. அதற்கு மறுநாள், தன் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து மாடிப்படியில் வைத்திருந்தார்.

இதில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரை அன்றே ஊற்றி விட வேண்டும். வைத்திருந்தால் புளித்து நாற்றம் அடிக்கும். உப்புப் போட்ட தண்ணீர் செடிக்கு ஆகாது. சோப்புக் கலந்த அலசல் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றக் கூடாது. கத்தரி, மிளகாய் போன்றவற்றுக்கு இலையில் படாமல், தூரில் மட்டும் ஊற்றலாம். அதையும் ஒரே தொட்டிக்குத் தினமும் ஊற்றாமல் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். தொட்டி மண்ணின் மேல் காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ பரப்பி விட்டால் ஈரம் சீக்கிரம் போகாது. நடுப்பகலில் தண்ணீர் விடாமல், காலையிலோ மாலையிலோ விட வேண்டும்.

அந்தக் கோடையில் கொத்தமல்லியும் தக்காளியும் போய் விட்டன. கத்தரி, மிளகாய், புதினா, கறிவேப்பிலை பிழைத்தன. அக்டோபர் 16-ந் தேதி காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கூடுதலாகக் கொண்டு வரும் திட்டம் அது. ஆனால் அந்த வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர் அதற்குப் பிறகும் சாக்கடைக்குப் போகவில்லை.

நந்தி மலை அடிவாரத்தில்

அந்த ஆண்டு மழை பெய்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்திக்குப் போனார்கள். பெங்களூரில் இருந்து சுமார் 60 கி.மீ. மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி, சிக்கபள்ளாப்பூரில் இறங்கி, வேறு பஸ் பிடித்து நந்தி கிராமத்துக்குப் போகலாம். மலையின் உயரம் 1,478 மீட்டர். மேலே திப்பு சுல்தானின் கோடை மாளிகை இருக்கிறது. காந்தியடிகள் 1927-லும் 1936-லும் வந்து தங்கி உடம்பைத் தேற்றிக் கொண்ட மலை.

மலை மேல் போகிறவர்களில் பலர் அடிவாரக் கோவிலைப் பார்க்காமல் போய் விடுகிறார்கள். போக நந்தீசுவரர் கோவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது. புதுமணத் தம்பதிகள் அவசியம் பார்க்க வேண்டிய இடம். மலை மேல் இருப்பவர் யோக நந்தீசுவரர். அது துறவின் வடிவம். கீழே இருப்பவர் போக நந்தீசுவரர். அது இளமையின் வடிவம். அவருக்குப் பக்கத்துச் சன்னதியில் பிள்ளைப் பருவத்து வடிவமாக இருப்பவர் அருணாசலேசுவரர். இதுவே அங்குள்ள நம்பிக்கை.

அருணாசலேசுவரர் என்ற பெயரைக் கேட்டதும் திருவண்ணாமலைப் பெண் நின்று விட்டார். ஊரை விட்டு வந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு, கன்னடம் பேசுகிற கிராமத்தில் அண்ணாமலையார் இருக்கிறார்!

கோவிலின் ஒரு பக்கம், நான்கு புறமும் படிக்கட்டுகள் இறங்கும் பெரிய குளம். சிருங்கி தீர்த்தம் என்று பெயர். தட்சிண பினாகினி நதி இங்கேதான் பிறக்கிறது என்பது ஐதீகம். தட்சிண பினாகினி என்றால் வேறு எதுவும் இல்லை, நம் தென்பெண்ணைதான். நந்தி மலைத் தொடரில் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஓடி, 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணையில் தேங்கி, கடலூர் அருகே கடலில் சேரும் ஆறு. வேலூர், ஆம்பூர்க்காரர்களின் பாலாறும் இந்த மலைப் பக்கத்தில்தான் புறப்படுகிறது.

இதைக் கணவர் படித்துத் தெரிந்து கொண்டு வந்திருந்தார். இன்னொன்றையும் சொன்னார். பெங்களூரின் கிழக்குப் பகுதிக் கழிவு நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் விழுகிறது. அங்கே இருந்து தென்பெண்ணையில் கலக்கிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை பொங்கி நின்ற படங்களைப் பத்திரிகைகளில் பலரும் பார்த்திருப்பார்கள். முருகேஷ்பாளையா வீட்டுச் சாக்கடையும் அந்த வழியில்தான் போகிறது.

"நாம துணி துவைச்ச தண்ணி எங்க ஊருக்கா போகுது?" என்று மனைவி கேட்டார். குளத்துப் படியில் கட்டுச்சோற்றைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் முதல் அந்த வீட்டில் சோப்புத்தூளின் அளவு பாதியாகக் குறைந்தது.

ஒரு வீட்டுச் சோப்புத்தூள் குறைந்ததால் ஆறு சுத்தமாகி விடாது. அது அரசாங்கங்கள் செய்ய வேண்டிய வேலை. ஆனால், பிழைக்க வந்த ஊருக்கும் பிறந்த ஊருக்கும் நடுவில் ஒரு ஆறு ஓடுகிறது, அதில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று தெரிந்து கொள்வது சிறிய விஷயம் அல்ல.

வீடு மாறும்போது

வாடகை வீட்டுக்குப் பதினொரு மாதம்தான் ஒப்பந்தம். இவர்களுக்கு ஒரு முறை நீட்டித்தார்கள். 2025-ல் வீட்டுக்கார அம்மாளின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாடி வீடு அவர்களுக்கே தேவைப்பட்டது. பக்கத்திலேயே கக்கதாசபுராவில் வேறு வீடு பார்த்தார்கள். வீடு பார்க்கப் போன போது மனைவி முதலில் கேட்டது சமையல் அறையை அல்ல; மாடிக்கு வெயில் எத்தனை மணி நேரம் வரும் என்பதை.

தொட்டிகள் லக்கேஜ் ஆட்டோவில் ஏறின. பாத்திரம் பண்டத்துக்கு ஒரு நடை, செடிகளுக்கு ஒரு நடை. கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் வீட்டுக்கார அம்மாள் பிடித்துக் கொண்டார். "இது இல்லே இருக்கட்டும். என் மருமக வந்து பாக்கட்டும்" என்றார். அந்த மருமகளும் வெளியூர்ப் பெண்தான். ஹாசன் பக்கத்துக் கிராமம்.

குடித்தனம் வந்திருக்கும் புதுத் தம்பதிகள் அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டியது இல்லை. இரண்டு டப்பா, ஒரு பிடி வெந்தயம், இன்று அரிசி கழுவும் தண்ணீர். இவை இருந்தால் போதும். இருபத்திரண்டு நாள் பொறுத்தால் ஒரு வேளைக் கூட்டு நிச்சயம். அந்த இருபத்திரண்டு நாளும் வேலை முடிந்து வரும் கணவனும், வீட்டில் காத்திருக்கும் மனைவியும் பேசுவதற்கு ஒரு விஷயம் இருக்கும். மாத முடிவில் மிச்சம் இருக்கும் காசுக்கு ஒரு பஸ் பயணம். முதல் வருஷத்தைக் கடப்பதற்கு இதைவிடச் செலவு குறைந்த வழி வேறு இல்லை.